ரோசரி மேடத்தின் திட்டு

"ஆய்வு அறிக்கை வேணும்னு ஒத்தை வரியில எழுதிட்டு வந்து நின்னா, நான் என்ன ஜோசியமா பாக்க முடியும்? இங்க அறிக்கை குவிஞ்சு கிடக்கு பாய்! எந்தத் தெரு டிரான்ஸ்பார்மர்? எப்ப பாத்தது? 'பாதுகாப்பு ஆய்வு, மலைக்கோட்டைப் பிரிவு, போன வருஷம் ஜூலை மாசம்'னு பளிச்சுனு எழுதியிருந்தா நான் ஏன் திருப்பி அனுப்பப் போறேன்? போங்க, போங்க!"

ரோசரி மேடத்தின் குரல் அலுவலகம் முழுக்கக் கேட்டது. உள் அறையில் இருந்த நல்லுசாமிக்குக் கச்சேரி கேட்பது போலக் காது குளிர்ந்தது.

மின்சாரம் கொடுப்பவர்கள் ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்று கண்காணிக்கும் ஆணையத்தின் திருச்சிக் கிளை அது. நல்லுசாமி அங்கே தலைமை அதிகாரி. தகவல் கேட்டு வரும் மனுக்களுக்குப் பதில் சொல்வது ரோசரியின் பொறுப்பு. அவர் பதில் சொல்லும் அழகைத்தான் மேலே கேட்டீர்கள்.

திட்டு வாங்கியவர் மன்சூர். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் தையல் கடை வைத்திருப்பவர். கடை வாசலிலேயே ஒரு கிழட்டு டிரான்ஸ்பார்மர். மழை தூறினால் போதும், பொறி பறந்து கடைக்குள் இருக்கும் துணிமேல் விழும். மாற்றச் சொன்னால் மின்சார அலுவலகத்தில், "அது கல்லு மாதிரி இருக்குங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். 'இதை உடனே மாற்ற வேண்டும்' என்று ஆணையத்தின் பொறியாளர் எழுதிய அறிக்கை கையில் கிடைத்தால் அவர்கள் வாயடைத்துப் போவார்கள்.

அந்த அறிக்கை நல்லுசாமியின் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. பெரிய ஊழல் ஒன்றும் இல்லை, வெறும் சோம்பல். மேலே அனுப்ப மறந்தார். பிறகு, மறந்தது தெரிந்துவிடுமே என்று அனுப்பாமலே விட்டார். ஓய்வு பெறப் போகிற நேரத்தில் அது வெளியே வந்தால் மானம் கப்பலேறிவிடும்.

மன்சூர் மறுபடி வந்தார். இம்முறை தெரு, மாதம், பிரிவு எல்லாம் மனுவில் இருந்தன. நல்லுசாமி உள்ளிருந்தே காதைத் தீட்டிக்கொண்டார். ரோசரியா விடுவார்?

"நகல் மட்டும் கேட்டா ஆச்சா? ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர்னு சொன்னா என்ன பண்ணுவீங்க பாய்? 'கோப்பை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும்'னு ஒரு வரி சேர்க்கத் தெரியல! அறிக்கை இல்லேன்னு பதில் வந்தா மேல்முறையீடு செய்வேன்னு எழுதத் தெரியல! இந்த லட்சணத்துல மனு போட வந்துட்டாரு!"

மன்சூர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

அவர் போனதும் நல்லுசாமி ரோசரியை உள்ளே அழைத்தார். "அசத்திட்டீங்கம்மா. இனி இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டாரு."

"என் கடமையைத்தானே சார் செய்யறேன்" என்றார் ரோசரி அடக்கமாக.

ஆனால், மன்சூர் வந்தார். இந்தத் தடவை ரோசரி திட்டவில்லை. மனுவை வாங்கிக்கொண்டு அவரே நேராக உள் அறைக்கு வந்தார்.

"சார், இதுல ஒரு ஓட்டை கூட இல்ல. இனிமே மறுத்தா விஷயம் மேல போகும். விசாரணைல, அறிக்கை இத்தனை நாள் எங்க இருந்துச்சுன்னு கேப்பாங்க."

நல்லுசாமி பீரோ சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அறிக்கை மன்சூர் கைக்குப் போனது. அன்றிலிருந்து நல்லுசாமிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு தையற்காரர் இப்படியெல்லாம் எழுத முடியுமா? பின்னால் எவனோ ஒரு வக்கீல் இருக்கிறான். பீரோவில் இன்னும் சில அறிக்கைகள் உறங்குகின்றன. அவன் யார் என்று தெரிந்தாக வேண்டும்.

ஒரு நாள் மாலை ஸ்ரீரங்கம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறவர், வழியில் மெயின்கார்டு கேட்டில் இறங்கிவிட்டார். ஒரு பழைய பேன்ட்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சந்துக்குள் நுழைந்தார். கடை வாசலில் புது டிரான்ஸ்பார்மரை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உள் அறை அதிகாரியை மன்சூர் பார்த்ததே இல்லை என்பது வசதியாகப் போயிற்று.

"கொஞ்சம் உயரம் குறைக்கணுங்க" என்று பேன்ட்டை நீட்டினார். "ஆமா, மனு போட்டே டிரான்ஸ்பார்மரை மாத்திட்டீங்களாமே? எங்க தெருவுலயும் இதே தொல்லை. உங்களுக்கு எழுதிக் குடுத்த வக்கீல் யாருங்க?"

"வக்கீலுக்கு நான் எங்க சார் போவேன்?" மன்சூர் சிரித்தார். "அந்த ஆபீஸ்ல ரோசரி மேடம்னு ஒருத்தங்க. அவங்க திட்டுறதை அப்படியே மனசுல வாங்கிட்டு வந்து எழுதிடுவேன். மனுவுல என்னென்ன விட்டுப் போச்சுன்னு அந்தத் திட்டுலயே வந்துடும். முதல் தடவை போனப்பவே வராண்டாவுல மெதுவாச் சொல்லிட்டாங்க. 'நேரா சொல்லிக் குடுத்தா என் வேலை போயிடும் பாய். சத்தம் போட்டுத்தான் சொல்லுவேன், கோவிச்சுக்காதீங்க'ன்னு."

நல்லுசாமி குரலைத் தாழ்த்தினார். "இதையெல்லாம் வெளிய சொல்றீங்களே... நாளைக்கு அவங்களுக்கு ஆபத்தாயிடாதா?"

"நேத்து வரைக்கும் யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் சார். இன்னிக்குத்தான் பதவி உயர்வுல சென்னை தலைமை ஆபீஸுக்குப் போயிட்டாங்களே! இனி தமிழ்நாடு முழுக்க வர்ற மனுவுக்கெல்லாம் அவங்கதான் பொறுப்பாம். 'மனுக்காரங்களைச் சமாளிக்க இவங்களை விட்டா ஆளே இல்ல'ன்னு, உள் ரூம்ல இருக்கிற பெரிய சாரே கைப்பட சிபாரிசு எழுதினாராம்!"