தயிர் தின்ற மீன்

கொண்டுபோன மீன் அப்படியே திரும்பி வந்தது. பலீல் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, பெட்டியை நுஹ்மானின் காலடியில் இறக்கினான்.

"ஒண்ணுகூட விக்கல்ல, நுஹ்மான் நானா."

"ஏன், கடல் மீன் வந்துருச்சா?"

"எங்க வர! திருகோணமலை ரோட்டுல செக்கிங் மேல செக்கிங். லொறி தம்புள்ளையத் தாண்டல்ல. அப்படியும் ஒங்க மீன் வேணாங்குறாங்க. மீனுக்குத் தயிர் போட்டு வளக்குறீங்களாமே?"

"அதுக்கு?"

"மீனும் தயிரும் சேந்தா மேலெல்லாம் தேமல் வரும்ல? மீன் வயித்துல தயிர், நம்ம வயித்துல மீன். ரெண்டும் சேந்துதானே உள்ள போகுது!"

வஹகோட்டை வேதக்கோயில் திருநாள் நெருங்கிவிட்டது; மீனுக்கு நல்ல கிராக்கி இருக்கும். அதை நம்பித்தான் நுஹ்மான் தன் வளர்ப்புக் குளத்தில் வலை போட்டிருந்தான்.

மழைக்காலத்தில் அவனுடைய திலாப்பியாக்கள் உடம்பெல்லாம் புண்ணாகி, வயிறு ஊதி மிதந்தன. கண்டதையும் வாங்கிப் போட்டுப் பார்த்தான். கடைசியில் மீன்பிடி ஒஃபீஸ் மாத்தயா வந்து, தீனியில் கலக்க இரண்டு பொடி கொடுத்தார். ஒன்று, தயிரில் இருப்பதுபோல நல்ல கிருமி. மற்றது, ஒரு புளிப்பு உப்பு. மீன்கள் தேறிவிட்டன. இப்போது ஊர்வாயில் அடிபட்டுச் சாகின்றன.

"தயிர் இல்லடா மடையா, நல்ல கிருமி! பஸ்ஸுல லேஞ்சித் துணி போட்டு சீட் புடிக்கிற மாதிரி மீன் வயித்துல முந்திப் போய் உக்காந்துக்கும். கெட்ட கிருமி ஏறினா நிக்கவும் எடம் இருக்காது. அந்த உப்பு கொண்டக்டர் மாதிரி. எறங்கு, எறங்குன்னு தள்ளி விட்டுரும். மருந்து வாடையே படாத மீன்டா இது!"

"எனக்கு வெளங்குது நானா. பெட்டியத் தொறந்ததும் ஓடுற பொம்பளைங்களுக்கு யாரு சொல்ற?"

"கதையக் கட்டி விட்டது யாரு? அதச் சொல்லு."

"லயத்துப் பாப்பம்மாக்கா."

நுஹ்மான் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினான்.

பாப்பம்மா தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க நானா. நானே கேக்கணும்னு இருந்தேன். மீனுக்குப் போடுறது எருமைத் தயிரா, பசுந்தயிரா?"

"பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டுக் கேள்வி வேறயா? தயிர்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"ஒங்க வீட்டம்மாதான்."

"யாரு?"

"ஸுலைஹாம்மாதாங்க. 'எங்க வீட்டுக்காரரு மீனுக்குத் தயிர் போடுறாருக்கா, புள்ளைங்களுக்கு இப்பக் குடுத்துறாதீங்க'ன்னு தண்ணி புடிக்கிற பீலிக்கரையில வச்சுச் சொன்னாங்க. நான் பாவம், நாலு பேருக்குத்தான் சொன்னேன்."

வீடு வந்து சேரும்வரை நுஹ்மான் கடித்த பல் கடித்தபடியே இருந்தது. ஸுலைஹா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"நம்மளக் கெடுக்க வெளியில ஆள் வேணுமா? நீ ஒருத்தி போதும்! கட்டின புருசன் பொழப்புல கைவைக்க ஒனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

ஸுலைஹா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அலுமாரிக்கு அடியில் கிடந்த அவனுடைய பழைய சப்பாத்து ஜோடியை எடுத்து வந்து கவிழ்த்தாள்.

சலசலவென்று விழுந்தன, காலி கெப்ஸ்யூல் அட்டைகள்.

"மாத்தயா அன்னைக்கு என்ன கேட்டாரு? 'கெப்ஸ்யூல் ஏதும் போட்டீங்களா, போட்டிருந்தா மருந்து மீன்ல தங்கும், ஒரு மாசத்துக்குப் புடிக்கவே வேணாம்'னாரு. நீங்க என்ன சொன்னீங்க? 'இல்லவே இல்ல'ன்னீங்க."

நுஹ்மானின் குரல் இறங்கியது. "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே, புள்ள."

"சொன்னா? 'வாய மூடு, திருநாள் தப்பிரும்'னு பாஞ்சிருப்பீங்க."

நுஹ்மான் தலையைச் சொறிந்தான்.

"அதுக்குன்னு தயிரா? ஊரே சிரிக்குது!"

ஸுலைஹா அட்டைகளைப் பொறுக்கி அடுப்புக்குள் போட்டாள்.

"சிரிக்கட்டும். ஒரு மாசம் போனா, பாப்பம்மாக்கா முன்னால உக்காந்து இதே மீன நானே ஆக்கித் தின்னு காட்டுறேன். தயிர்க் கதைய ஊரு சிரிச்சே மறந்துரும். கெப்ஸ்யூல் கதைய மறக்குமா?"