வாடிக்கைக் கடை

"இந்தக் கடற்கரை ரோட்டுல என்னைத் தெரியாத ஆளே கிடையாதுடா!" என்றபடி டீக்கடை முன்னால் காரை நிறுத்தினான் நெட்டையன். அவனைப் பார்க்க வந்திருந்த நண்பர்கள் இருவரும் இறங்கினார்கள்.

"வாங்க சார்! வழக்கம்போல சர்க்கரை கம்மியாத்தானே?" என்று முகம் மலர்ந்தார் கடைக்காரர்.

"புது ஊர்ல தனியாக் கெடந்து தவிப்பேன்னு நெனச்சோம். நீ ராஜா மாதிரில்ல இருக்கே!" என்றான் அவர்களில் ஒருவனான சோடாபுட்டி.

கிளம்பும்போது, மறந்துவிட்ட தொப்பியை எடுக்க சோடாபுட்டி மட்டும் கடைக்குத் திரும்பினான்.

"நெட்டையன் இங்க அடிக்கடி வருவானா?"

"நேத்துதான் மொதத் தடவையா வந்தாரு. 'நாளைக்கு ஃப்ரெண்ட்ஸைக் கூட்டிட்டு வருவேன், ரொம்ப நாள் பழக்கம் மாதிரி பேசுங்க'ன்னு கேட்டுக்கிட்டாரு. நான் சரியாப் பேசினேனா தம்பி?"

காரில் காத்திருந்த நெட்டையன் கேட்டான், "தொப்பி எடுக்க இவ்வளவு நேரமாடா?"

தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு சோடாபுட்டி சொன்னான்:

"அந்த மனுஷன் உன் புராணத்தை ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டேங்கறாருடா!"