சட்டி மெட்டல்

"அலாய்னா என்ன அலாய்ங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

அன்புசெல்வி உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் நீட்டிய உள்ளங்கையில் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெள்ளி நிற மீன். குழந்தைச் சட்டையின் ஜிப்பில் அழகுக்குத் தொங்குவது.

தண்டாயுதபாணி அதை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். பனியன் கம்பெனிகளுக்குப் பட்டன், ஜிப், கொக்கி என்று சகலமும் சப்ளை செய்கிறவர். முன்பக்கம் கடை. பின்பக்கம் உருக்கி வார்க்கிற பட்டறை.

"நம்ம சரக்குதானுங்க அம்மணி. எந்தக் கம்பெனியில இருந்து வர்றீங்க?"

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினாள். "பேபி வேர் செக்ஷனுங்க."

"அடடா, உக்காருங்க. காபி சொல்லட்டுங்களா?"

"வேண்டாமுங்க. இது என்ன மெட்டல்னு மட்டும் சொல்லுங்க. நான் போயாகணும்."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். "பார்த்துக்குங்க, டெஸ்ட் சர்ட்டிபிகேட். ஒயிட் மெட்டல். ஈயம் துளி கூட இல்லைன்னு சீலோட இருக்குது."

அன்புசெல்வி காகிதத்தைப் பார்த்தாள். எழுத்துகள் கண்ணில் நிற்கவில்லை. கைப்பேசி அதிர்ந்தது. யாரென்று பார்த்துவிட்டுக் கட் பண்ணினாள். கால் தன்பாட்டுக்குத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

ஏழு வருடமாகச் செக்கிங் டேபிளில் நிற்கிறவள். இந்த மாதிரிக் காகிதங்களை எத்தனையோ பார்த்தாயிற்று. காகிதம் கேட்டால் காகிதம்தான் கிடைக்கும். மனுஷன் வாயிலிருந்து உண்மை வர வேண்டுமென்றால் வேறு மாதிரிதான் கேட்க வேண்டும்.

குரலைத் தாழ்த்தினாள். "இந்தக் காகிதமெல்லாம் வெள்ளைக்காரனுக்குங்க. எனக்கு விஷயம் வேணும். இதே மீனு, ஒரு லட்சம் பீஸ். விலை இறங்கணும். நீங்க உள்ள எதைப் போட்டாலும் எங்களுக்குக் கவலை இல்லீங்க. ஆனா எதுன்னு தெரிஞ்சாத்தான் அங்க முடிவு பண்ணுவாங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இப்படி வெளிப்படையாக் கேட்டா நானும் சொல்லிருவனுங்களே! பில்லுல எழுதறது ஒயிட் மெட்டல். மெயில்ல போடறது அலாய். வெள்ளைக்காரனுக்குக் கோவம் வந்தா பாட் மெட்டல்ம்பான். இங்கிலீஷ்ல பாட்டுன்னா சட்டிதானுங்களே? எங்க பட்டறையில சட்டி மெட்டல்னே பேராயிப் போச்சு. துத்தநாகம், தகரம், பழைய அலுமினியம்னு சட்டியில எது உளுகுதோ அதுதானுங்க மெட்டல். இன்னைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி."

"ஈயம்?"

"அது இல்லாம எப்படீங்க? ஈயம் சேர்த்தாத்தான் தண்ணியாட்ட ஓடும். மீனோட செதிலெல்லாம் தெளிவா உளுகும். மேல பாலிஷ் ஏத்திட்டா வெள்ளிக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாது."

பெருமையாகச் சிரித்தார். அன்புசெல்வியும் சிரிக்கப் பார்த்தாள்.

"இந்த மீனுல எவ்வளவு ஈயமுங்க?"

"அதெல்லாம் வார்க்கற ஆளைக் கேட்டாத்தான் தெரியும். வேலை ஓடிட்டிருக்குது. நாளைக்குக் காலையில வாங்களேன், நிதானமாப் பேசலாம்."

"நாளைக்கு முடியாதுங்க!"

குரல் உயர்ந்துவிட்டதை அவளே உணர்ந்து தணித்துக்கொண்டாள். "கோவிச்சுக்காதீங்க. இப்பவே கேட்டுச் சொல்லுங்க. நான் சொல்றதுக்காக அங்க காத்துட்டிருக்காங்க."

கைப்பேசி மறுபடி அதிர்ந்தது.

"எடுத்துப் பேசுங்க அம்மணி. ரொம்ப நெருக்கறாங்களாட்ட இருக்குது."

"கேட்டுட்டுப் பேசிக்கறேனுங்க. நீங்க அவரைக் கூப்பிடுங்க."

தண்டாயுதபாணி பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏப்பா செங்கோட்டையா! இங்க வந்துட்டுப் போ!"

பட்டறைக்குள் உலையின் இரைச்சல் நின்றது. கையெல்லாம் தீத்தழும்போடு ஓர் ஆள், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். மீனை வாங்கி உள்ளங்கையில் போட்டு ஒருமுறை குலுக்கினார்.

"இதுங்களா? மூணு மாசத்துக்கு முந்தி வார்த்ததுங்க. அப்ப துத்தநாகம் வந்து சேரலை. பழைய பேட்டரி உடைச்ச ஈயத்தைத்தான் போட்டேன். முக்காவாசி அதுதானுங்க."

"நிச்சயமாத் தெரியுமுங்களா?"

"நான் வார்த்தது எனக்குத் தெரியாதுங்களா? கனத்தைப் பார்த்தாலே தெரியுதே."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றார் தண்டாயுதபாணி, ஆர்டர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தபடி. "துணியில தொங்கறதுதானுங்களே, அதனால ஒண்ணும் ஆகாது. இதைவிட விலை குறைச்சலா யாரும் குடுக்க முடியாதுங்க. அப்ப ஒரு லட்சம் பீஸ். என்னைக்கு டெலிவரி வேணும்?"

அவள் கைப்பேசியை எடுத்து எண்ணை அழுத்தினாள். அவர் பேனாவைத் திறந்து பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்திருந்தார்.

"மாமா, டாக்டர்கிட்டக் குடுங்க... டாக்டர், முக்காவாசி ஈயமுங்க. தானா வெளிய வருதான்னு பார்க்க வேண்டாமுங்க, இப்பவே எடுத்துருங்க. எம் பாப்பா முழுங்கினதும் இதே மீனுதானுங்க."