மாலை போட்ட படம்

சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்ததும் கவிப்ரியாவின் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. அனுசுயா அம்மாளைத் தேடித்தான் தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலத்துக்கு பஸ் ஏறி வந்திருந்தாள். படத்தில் இருந்த இளம்பெண் அனுசுயாவேதான். பழைய பத்திரிகையில் பார்த்த அதே முகம்.

வாசலில் ஒரு வயதான அம்மாள் பூக்காரியிடம் கதம்பம் வாங்கிக்கொண்டிருந்தாள். "மன்னிச்சுக்கங்கம்மா, அவங்க தவறிட்டது எனக்குத் தெரியாது" என்றாள் கவிப்ரியா.

"யாரு, நானா?" என்றாள் அந்த அம்மாள். "உள்ள வா பாப்பா. செத்தவ கையால ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போ."

படத்தில் இருந்தது ஷூட்டிங்குக்காகப் போட்ட சந்தனச் சீவல் மாலை. முப்பது வருடத்துக்கு மேல் ஆகி, ஒட்டடை படிந்து, நிறம் செத்துப்போயிருந்தது.

கவிப்ரியா பழைய தொலைக்காட்சித் தொடர்களின் வரலாற்றை எழுதுகிறவள். நடித்தவர்களை ஊர் ஊராகத் தேடிப் போய்ப் பேசவைத்துப் பதிவு செய்கிறாள். ஊருக்கு ஒரு டி.வி. பஞ்சாயத்துக் கட்டடத்தில் பூட்டிக் கிடந்த காலத்தில், வாராவாரம் வந்த தொடர் ஒன்றில் செத்துப்போன அம்மாவாக வந்தவள் அனுசுயா. கதை முழுக்கச் சுவரில் படமாகவே இருந்தாள். ஒரு வசனம்கூடக் கிடையாது.

கவிப்ரியா போனை எதிரே நிறுத்திப் பதிவை ஓடவிட்டாள். அனுசுயா தரையில் உட்கார்ந்து சொன்னாள்.

உயிரோடு இருக்கிறவள் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றினால் ஆகாது என்று, பட்டணத்திலிருந்து வந்த நடிகைகள் ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. படப்பிடிப்பு நின்றுபோனது. பக்கத்து வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த அனுசுயாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். சேற்றுக் காலோடு கரையேறி, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு போய், படம் பிடிக்க நாற்காலியில் உட்கார்ந்தாள். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

"பின்னால தெரிஞ்சதும் ஊரே பேசுச்சு. கூப்புட்ட எமன் வெறுங்கையோட போவ மாட்டான்னாங்க."

"நீங்க நல்லாத்தானே இருக்கீங்க. இப்பவாவது மாலையக் கழட்டிடலாமே."

"கெடக்கட்டும் பாப்பா. வர்றவனுக்கு அடையாளம் தெரிய வேணாமா."

கவிப்ரியா சிரித்துவிட்டாள். அனுசுயா காப்பியை ஆற்றி அவள் பக்கம் நகர்த்தினாள்.

அடுத்து, தொடரில் அந்த அம்மாவின் மகனாக அழுத பையனைப் பற்றிக் கேட்டாள் கவிப்ரியா. தொடரில் அப்பாவாக நடித்த சிவசாமி இப்போது சென்னையில் படுத்த படுக்கை. எல்லாம் மறந்துபோனவர், படத்துக்கு முன்னால் அந்தப் பையன் அழுததை மட்டும் மறக்கவில்லை. அவன் அழுத பிறகு எனக்கு நடிக்கவே வெட்கமாக இருந்தது என்றாராம்.

அது அனுசுயாவின் மகன் இளஞ்செழியன். அந்தக் காட்சியை எடுத்த அன்று, நடிக்க வந்த பையனுக்குக் கண்ணில் கிளிசரின் விட்டும் அழுகை வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு அம்மாவைத் தேடி வந்த இளஞ்செழியன் கூட்டத்துக்குள் புகுந்து எட்டிப் பார்த்தான். அம்மா படம், மாலை, விளக்கு. கேமராவை அவன் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

"நான் அந்தாண்டதான் நின்னேன். புள்ளகிட்ட ஓடப் பாத்தேன். ஷாட்டு போவுது, கெடுத்துடாதன்னு ரெண்டு பேரு கையப் புடிச்சுக்கிட்டாங்க. அவன் அழுது முடிக்கிற மட்டும் விடல."

அந்தக் காட்சி வந்த அன்று ஊரில் கரண்ட் இல்லை. பிறகு சென்னை வரைக்கும் போய்க் கேட்டுப் பார்த்தாள். அந்த நாடாவை அழித்துவிட்டு வேறு நிகழ்ச்சி பதிவு செய்தாகிவிட்டது என்றார்கள். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம்.

"ஒரே ஒரு தடவ பாத்துட்டாப் போதும் பாப்பா. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

கவிப்ரியா லேப்டாப்பைத் திறந்தாள். முத்துப்பேட்டையில் யூனுஸ் என்பவர் வீட்டுப் பரணில் ஒரு வீடியோ கேசட் கிடைத்திருந்தது. அவருடைய அப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த வீடியோ டெக்கில் அந்தத் தொடரைப் பதிந்து வைத்திருக்கிறார். பாதிக்கு மேல் பூஞ்சை தின்றுவிட்டது. அந்தக் காட்சி தப்பித்துவிட்டது.

அனுசுயா கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"உங்க மகனையும் கூப்பிடுங்கம்மா. ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கறதைப் பதிவு பண்ணிக்கிறேன். ஊர்லதானே இருக்கார்?"

"உள்ளதான் இருக்கான். வெளிய வர மாட்டான்."

"கோவமா, கூச்சமா?"

அனுசுயா லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்தாள். இதை உள்ளே தூக்கிக்கொண்டு போகலாமா, ஒயர் ஏதும் வேண்டுமா என்று கேட்டாள். பேட்டரியிலேயே ஓடும் என்று சொல்லிக் காட்சியை ஓடவிட்டுக் கொடுத்தாள் கவிப்ரியா. அனுசுயா லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறு கையில் கதம்பத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கவிப்ரியா போனோடு பின்னால் போய் நிலையருகே நின்றாள்.

அறைக்குள் ஆள் யாரும் இல்லை.

அனுசுயா லேப்டாப்பைச் சுவர் பக்கம் திருப்பி ஸ்டூலில் வைத்தாள். சுவரில் மீசை அரும்பிய ஒரு பையனின் படம். அதிலிருந்த நேற்றைய பூவைக் கழற்றிவிட்டு, இன்றைய பூவைச் சுற்றினாள்.

திரையில் கோடு கோடாக ஓடிய வெளிச்சத்துக்கு நடுவே, அரைக்கால் சட்டைப் பையன் ஒருவன் மாலை போட்ட படத்தைப் பார்த்து அம்மா அம்மா என்று கதறிக்கொண்டிருந்தான். அனுசுயா அவனிடம் போனாள். இந்தத் தடவை அவள் கையை யாரும் பிடிக்கவில்லை.

"அழுவாதடா. அம்மா சாவல. இங்கதான் நிக்கிறேன்."