சூசையாவின் மீன்குழம்பு

தென்துருவக் கடல்மேல் உறைந்த பனிப்பாளத்தில் கூடாரம் அடித்திருந்த ஆய்வுக்குழுவுக்குச் சூசையாதான் சமையல். தூத்துக்குடிப் படகில் பழகியபடி, உப்புப் போடாமல் கடல் தண்ணீரிலேயே குழம்பு வைப்பார். வலைகூட வேண்டாம், பனியில் தோண்டிய துளைக்குள் சட்டியை இறக்கினால் மீன்கள் தாமாகவே வந்து ஏறிக்கொள்ளும்.

“ஊர்ல ஜனங்க பயம் போக முழுங்குற மாத்திரையெல்லாம் இந்தக் கடல் வரைக்கும் கரைஞ்சு வந்திருக்கு அண்ணாச்சி. குடிச்ச மீனுக்கு ஓடணும்னே தோணல,” என்றார் ஆய்வாளர் வானதி, சோற்றைப் பிசைந்தபடி.

“நல்ல மீனு. சண்டை சச்சரவு கிடையாது,” என்றார் சூசையா.

அப்போது பனி படீரென வெடித்தது. கூடாரத்தின் நடுவே கறுத்த தண்ணீர் தெரிந்தது. எல்லோரையும் ஓடச் சொல்ல வேண்டுமென்று சூசையாவுக்குத் தெரிந்தது. ஒருவரும் எழவில்லை. வானதி தட்டை நீட்டினார்.

பிளவு அவர் காலடிக்கே வந்தது. சூசையா நிதானமாகக் குழம்புக்குள் கரண்டியை விட்டுத் துழாவினார்.

“தலையா, நடுத்துண்டாம்மா?”