பத்தாவது வரைதான்

"எதுவரைக்கும் படிச்சிருக்கே?"

"பத்தாவது வரைதான், சார்."

மேற்பார்வையாளர் தாளில் குறித்துக்கொண்டார். முந்தைய இரண்டு இடங்களில் எம்.எஸ்ஸி. என்று உண்மையைச் சொல்லித்தான் அவள் வாசலோடு திரும்பினாள். படித்தவர்கள் துடைப்பத்தோடு மூன்று மாதம் தாங்க மாட்டார்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள்.

அவளோடு வேதியியல் முடித்த முப்பது பேரில் வேதியியலைத் தொடுகிற வேலை இதுவரை ஒருவருக்கும் வாய்க்கவில்லை. இந்த ஆஸ்பத்திரியில் கழிவறை கழுவும் வேலை கிடைத்தால் அவள்தான் முதல் ஆள்.

இதுவும் கைநழுவினால் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இனி தலைநிமிர்ந்து உட்கார முடியாது.

வந்திருந்த நான்கு பெண்களையும் அவர் ஒரு கழிவறைக்குள் கூட்டிப்போனார். ஜன்னல் இல்லாத அறை. ஃபினாயில் நெடி மூக்கைத் துளைத்தது. நடுவில் ஒரு வாளி. அவருடைய ஒரு கையில் பிளீச்சிங் கரைசல் என்று ஒட்டிய கேன், மறு கையில் ஆசிட் பாட்டில்.

"ரெண்டையும் கலந்து தேய்ச்சா எந்தக் கறையும் ஓடிடும். எல்லாரும் கிட்ட வந்து பாருங்க."

கேனைக் கவிழ்த்தார். பாட்டிலின் மூடியைத் திருகினார்.

பெரியம்மா வயதுக்காரி ஒருத்தி, வாளிக்குள் விழுந்துவிடுகிற மாதிரி முகத்தை நீட்டினாள்.

வாயை மூடிக்கொண்டு நில்லடி என்று வேதியியல் படித்தவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பாட்டில் சாய்ந்தது.

"ஐயோ, ஊத்தாதீங்க சார்! குளோரின் கிளம்பிடும், விஷம்!" பெரியம்மாவின் தோளைப் பிடித்து இழுத்தேவிட்டாள்.

மேற்பார்வையாளர் நிதானமாக மிச்சத்தையும் ஊற்றினார். புகை கிளம்பவில்லை. யாரும் இருமவில்லை.

"ரெண்டுமே பச்சைத்தண்ணிங்க. பத்தாவதுன்னு சொல்லிட்டு வர்றவங்களுக்காகத்தான் இந்த ஏற்பாடு. நீங்க எந்தக் காலேஜு?"

வேலை போன பிறகு 'நீங்க' வந்துவிட்டது.

அவள் பெயரை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, பக்கத்தில் நின்றவளிடம் திரும்பினார். "நீ எட்டாவதுதானே? திங்கக்கிழமை வந்துடு."

வாளியின் முன்னால் கல்லு மாதிரி நின்ற அந்தப் பெண் தலையாட்டினாள். பிறகுதான், பாட்டிலின் மூடி திறந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சை மெல்ல வெளியே விட்டாள்.