காதுக்குள் ஏறிய உண்ணி

மாதா கோவில் குளத்தங்கரையில் கொம்பன் என்றொரு கிழட்டு எருமைக்கடா இருந்தது. நுகத்தடியை முறிக்க மந்தைக்கே கற்றுக்கொடுத்தது தான்தான் என்று அதற்குப் பெருமை. அந்த மந்தை இப்போது தன்னைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று கசப்பு. அந்தக் கசப்பில்தான், முதுகில் வந்து உட்கார்ந்த கொக்கை ஒரு நாள் கொம்பால் தூக்கி எறிந்தது.

மறுநாள் கொம்பனின் காதுக்குள் உண்ணிகள் ஏறிவிட்டன. சேற்றில் புரண்டு பார்த்தது, மரத்தில் தேய்த்துப் பார்த்தது. காது புண்ணானதுதான் மிச்சம். கேட்பதும் மந்தமாகிக்கொண்டே வந்தது.

அப்போது அதே கொக்கு, ஒரு சிறகு தொங்கத் தத்தித் தத்தி வந்தது.

“தலையைக் கொஞ்சம் இறக்குங்கள் அண்ணே, எடுத்துவிடுகிறேன்.”

“கூலி என்ன?”

“ஒன்றும் வேண்டாம்.”

“ஓசியில் கொடுப்பவனை நம்பாதே என்று குளம் குளமாகப் போய்ப் பேசினவன் நான். உண்ணி உனக்கு இரை, அவ்வளவுதானே?”

“இரை வயல் நிறையக் கிடக்கிறது. முட்டாத மாடுகளும் இருக்கின்றன.”

“அப்படியானால் முதலில் மன்னிப்புக் கேட்கச் சொல்வாய்.”

“நீங்கள் கேட்கும்வரை உண்ணி சும்மா இருக்குமா?”

எந்த நுகத்துக்கும் வளையாத கொம்பனின் கழுத்து மெல்லத் தாழ்ந்தது. கொக்கு ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போகத் திரும்பியது.

“சிறகு வலிக்கிறதா?” என்று கொம்பன் கேட்டது.

“வலிக்கிறது.”

“பறக்க முடியாதே. நாய் வந்தால்?”

“வரத்தான் செய்யும்.”

“நான் செய்தது பாவம். முதுகில் ஏறிக்கொள்” என்றது கொம்பன், தாழ்த்திய தலையை நிமிர்த்தாமலே.